எழுப்பி நிறுத்துகிறவன்

மே 9

டேய் தம்பி,

போன் எடுக்க மாட்டேங்கிறே. சரி, கடிதத்தையாவது பிரிப்பேன்னு நினைச்சு எழுதுறேன். பேனா பிடிச்சு எவ்வளவு காலமாச்சோ, எழுத்து கோணல்மாணலா இருக்கும், பொறுத்துக்கோ. எதிர்வீட்டு அண்ணன் உங்க ஆஸ்பத்திரிக்குத்தானே ஆம்புலன்ஸ் ஓட்டுறாரு. துவைச்ச துணிப் பையோட இதையும் கொடுத்து அனுப்புறேன். அழுக்குத் துணியை அவர்கிட்டேயே கொடுத்துடு. சோப்புத் தண்ணியில ஊறப்போட்டுத்தான் தொடுவேன், பயப்படாதே.

நான் நல்லா இருக்கேன். கொரோனான்னு தையல் கடையை மூடச் சொல்லிட்டாங்க, மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்து மாஸ்க் தைக்கிறேன். கல்யாணப் பொண்ணுக்கு ஜாக்கெட் தைச்ச கை இது, இப்போ நாள் முழுக்க மூக்கையும் வாயையும் மூடுது.

விஷயம் அப்பாவைப் பத்தி. நீ வீட்டுல இருந்தவரைக்கும் சாயங்காலமானா கூடத்துலேருந்து பின்வாசல் வரைக்கும் நடக்க வச்சே. பக்கவாதம் வந்த மனுஷன் மாதிரியா இருந்தாரு? வலது காலை இழுத்து இழுத்து வச்சாலும், பஸ்ஸுல கண்டக்டரா நின்ன அதே மிடுக்கோட "ரைட், போலாம்"னு அவரே விசில் கொடுத்துக்குவாரு. நீ ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து கட்டிலை விட்டு இறங்கறதே இல்லை. நான் காலைத் தொட்டா, "நீ துணி தைக்கிறவ, என் காலையும் சேர்த்துத் தைச்சு மடிச்சு வச்சுடுவே, தள்ளு"ங்கிறாரு.

என்னென்ன பண்ணணும்னு வரிசையா எழுதி அனுப்பு. எனக்குப் புரியற மாதிரி எழுது. உங்க இங்கிலீஷ் பேரெல்லாம் வேண்டாம்.

சாப்பிடு.

அக்கா


மே 14

அக்கா,

பை வந்துச்சு. துணியில வீட்டு வாசனை இருந்துச்சு. கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கோபத்துல போன் எடுக்காம இல்லை. உள்ளே பகல் முழுக்கக் கத்தித்தான் பேசணும். மாஸ்க், அதுக்கு மேல முகத் தடுப்பு, ஆக்ஸிஜன் இரைச்சல் வேற. "இழுங்க, பிடிங்க, மெதுவா விடுங்க." இதையே ஒவ்வொரு கட்டில்லயும் சொல்லிட்டு, டியூட்டி முடிஞ்சு அந்தப் பிளாஸ்டிக் உடுப்பைக் கழட்டும்போது குரலையும் கழட்டி வச்ச மாதிரி ஆயிடுது.

அப்பாவுக்கு: காலையிலயும் சாயங்காலமும், மல்லாக்கப் படுக்க வச்சு, வலது குதிகாலை ஒரு கையில பிடி. இன்னொரு கையை முட்டிக்கு மேல வச்சு மெதுவா நீட்டு. வலிக்குதுன்னு கத்துவாரு. முகத்தைப் பாரு, நிஜமா வலிச்சா சத்தம் வராது. பாதத்தை அவர் முகத்தைப் பார்த்து மடக்கு. அப்புறம் கட்டில் ஓரத்துல, ரெண்டு பாதமும் தரையில படுற மாதிரி உட்கார வை. எழுப்பும்போது வலது பக்கம் நீ நில்லு. இடுப்பைப் பிடி. வலது கையைப் பிடிச்சு மட்டும் இழுக்காதே, தோள் இறங்கிடும்.

பிசியோன்னா கால் அமுக்கி விடுறவன்னுதான் ஜனங்களுக்கு நினைப்பு. நம்ம சித்தப்பாவே, "கொரோனாவுல உனக்கு என்னடா வேலை, மூச்சுக்கா மசாஜ் பண்ணுவே?"ன்னு கேட்டாரு. மூச்சு முட்டுறவங்களைக் குப்புறப் படுக்க வைக்கணும் அக்கா. உடம்பு பூரா குழாய் இருக்கும். ஏழெட்டுப் பேர் சுத்தி நின்னு, தலைப்பக்கம் நிக்கிறவர் சொன்னதும் ஒரே சமயத்துல புரட்டுவோம். ஒரு குழாய் நழுவினா போச்சு. கொஞ்சம் தேறினவங்களை உட்கார வச்சு, சளியைக் கிளப்பி, எழுப்பி நிறுத்தறதும் நாங்கதான்.

என்கூட ஒரு பொண்ணு வேலை பாக்குறா. 'வெடி'ன்னு கூப்பிடுவோம், சிரிச்சா வார்டே அதிரும். இங்கே ஒரு லாரி டிரைவர் படுத்திருக்காரு, மலை மாதிரி ஆளு. உட்கார வச்சா வாழைத்தண்டு மாதிரி சாயுறாரு. "என்னை எழுப்பி மட்டும் விட்டுடுங்க சார், அப்புறம் நானே ஓட்டிக்கிறேன்"னாரு. "முதல்ல கியரைப் போடுங்கண்ணே"ன்னு வெடி சிரிச்சா, அவருக்கும் சிரிப்பு வந்து, அதுலேயே இருமி, நல்லா சளி வந்துடுச்சு. அன்னைக்கு நல்ல நாள்.

தம்பி


மே 30

தம்பி,

நீ எழுதினதைச் சுவத்துல ஒட்டி வச்சுட்டேன். தினமும் பண்றேன். முதல் வாரம் அப்பா போட்ட சத்தத்துல எதிர்வீட்டு அண்ணி ஓடிவந்து, "அவரை என்ன பண்றே"ன்னு கேட்டாங்க. போலீஸ் வராத குறைதான்.

ஆனா ஒரு கெட்ட சேதி. எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். போன ஞாயித்துக்கிழமை நான் குளிக்கப் போன நேரம் பாத்து, அவரே எழுந்து நடக்கப் பாத்திருக்காரு. உனக்கு ஆச்சரியம் காட்டணுமாம். "பையன் வரும்போது வாசல்ல நின்னு வரவேற்கணும்"னாரு. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல விழுந்து கிடந்தாரு. எலும்பு ஒண்ணும் முறியலை. ஆனா மனசு முறிஞ்சு போச்சு. நிக்கலாம்ப்பான்னாலே முகம் வெளுத்துப் போகுது. இப்போ படுக்கையிலேயே பண்றோம், அதுவும் பாதி நாள் வேண்டாங்கிறாரு.

படுத்தே இருக்கிறதால கால் வலி. முட்டிக்கு அடியில ஒரு தலையணை வச்சுவிட்டேன், அப்பத்தான் முகம் தெளிஞ்சுது. இப்பல்லாம் அப்படித்தான் நிம்மதியா தூங்குறாரு.

ஒண்ணு கேட்கிறேன், தப்பா நினைக்காதே. யார் யாரையோ எழுப்பி நிறுத்துறே. சந்தோஷம்தான். ஒரு நாள் லீவு போட்டு இவரையும் வந்து எழுப்பக் கூடாதா? முகத்தை மூடிக்கிட்டே வா, தூரமா நின்னே சொல்லு. நீ சொன்னா கேட்பாரு.

அக்கா


ஜூன் 11

அக்கா,

தலையணையை எடு. இன்னைக்கே எடு. மடங்கின முட்டி மடங்கினபடியே இறுகிடும். எத்தனை தடவை சொல்றது? இதுகூடத் தெரியாம என்ன பாத்துக்கிறே?

வர முடியாது. வெடி வேலைக்கு வரலை. போன திங்கட்கிழமை பெட்ஷீட் அடுக்கி வைக்கிற ரூமுக்குள்ள போனவ வெளியே வரலை. போய்ப் பாத்தா தரையில உட்கார்ந்திருக்கா. அழலை, பேசலை. எழுந்திருன்னேன், எழுந்திருக்கலை. ரெண்டு பேர் தூக்கி வண்டியில ஏத்தி வீட்டுக்கு அனுப்பினோம். அவ கட்டில்களும் இப்போ என் கணக்குல.

தலையணையை எடு.

தம்பி


ஜூன் 18

தம்பி,

தலையணையை எடுத்துட்டேன். முட்டி நீளலை. நான் என்ன பண்ணியும் நீளலை.

உன் முதல் கடிதத்தைச் சுவத்துலேருந்து எடுத்துத் திரும்பத் திரும்பப் படிச்சேன். தலையணைன்னு ஒரு வார்த்தை அதுல இல்லை. குதிகாலைப் பிடின்னே, பிடிச்சேன். இடுப்பைப் பிடின்னே, பிடிச்சேன். கையை இழுக்காதேன்னே, இழுக்கலை. சொல்லாததை நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? நான் என்ன காலேஜுக்கா போனேன்? உன்னைப் படிக்க வைக்கணும்னுதானே பத்தாவதோட மிஷின்ல உட்கார்ந்தேன்.

அவருக்கு வலிச்சுது. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில வலியைக் குறைச்சேன். "என்ன பாத்துக்கிறே"ன்னு கேட்டியே, உன் பேஷண்டோட பொண்ணுகிட்டே இப்படிக் கேட்பியா?

இனி துணி மட்டும் வரும்.

அக்கா


ஆகஸ்ட் 2

தம்பி,

எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். நேத்து சாயங்காலம் நடந்ததுக்கு அப்புறம் முடியலை.

நீ தெருவுல நின்னே. எதிர்வீட்டுச் சுவர் ஓரமா, பேன்ட் பையில கையை விட்டுக்கிட்டு. அப்பாதான் முதல்ல பாத்தாரு, அவர் கட்டில் ஜன்னல் பக்கம்தானே. "அம்மாடி, தம்பி வந்திருக்கான், கதவைத் திற"ன்னாரு. நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடிவந்து திறக்கிறதுக்குள்ள முதுகைக் காட்டிட்டு நடந்துட்டே. கூப்பிட்டேன். உன் காதுல விழுந்துச்சு, தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு, பாத்தேன். திரும்பலை.

தொத்திக்கும்னு பயம்னா அதைச் சொல்லு. ஆனா எதிர்வீட்டு அண்ணன் தினமும் வீட்டுக்கு வர்றாரு. ஊசி போட்டாச்சு, ஹாஸ்டல்ல இருந்த மத்தவங்களும் வீட்டுக்குப் போயாச்சுங்கிறாரு. நீ மட்டும்தான் அங்கே இருக்கியாம்.

அப்பா ராத்திரி சாப்பிடலை. "நான் விழுந்ததுல அவனுக்குக் கோபமா? அவன் உழைச்ச உழைப்பை நான் கெடுத்துட்டேன்ல?"ன்னு கேட்டாரு. பஸ்ஸுல நூறு பேரை அதட்டி உட்கார வச்ச மனுஷன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி என் முகத்தைப் பாத்தாரு. நான் என்ன பதில் சொல்ல? என்மேல உனக்குக் கோபம்னா என்னைத் திட்டு. அவரை ஏன் இப்படி நிக்க வச்சுட்டுப் போறே?

அக்கா


ஆகஸ்ட் 6

அக்கா,

அப்பா மேல கோபமே இல்லை. உன்மேலயும் இல்லை. முதல்ல அதைச் சொல்லிடுறேன். தலையணை விஷயத்தை நான்தான் முதல் கடிதத்துலேயே எழுதியிருக்கணும். புதுசா வர்ற ஒவ்வொருத்தர் வீட்டுக்காரங்ககிட்டேயும் வாய் வலிக்கச் சொல்ற விஷயம் அது. உனக்குச் சொன்னதா நினைச்சுட்டேன். யாருக்குச் சொன்னேன், யாருக்குச் சொல்லலைன்னு இப்போ பிரிச்சுப் பாக்க முடியலை.

தெருவுல ஏன் நின்னேன்னு சொல்லணும்னா வேற ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணும்.

அந்த லாரி டிரைவர் பிழைச்சுட்டாரு. நடந்து வீட்டுக்குப் போனாரு. ஜூலை கடைசியில அவரும் அவர் சம்சாரமும் என்னைத் தேடி வந்தாங்க. வராந்தாவுல, "இவருதான், இவருதான் என்னை நிக்க வச்சவரு"ன்னு ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அந்தம்மா அழுதாங்க. நான் சிரிச்சேன். என்ன சொல்லணுமோ அதைச் சொன்னேன். ஆனா உள்ளே ஒண்ணுமே இல்லை அக்கா. சந்தோஷத்தை விடு, அலுப்புகூட இல்லை. யாரோ யாரோட கையையோ பிடிச்சிருக்கிற மாதிரி பாத்துக்கிட்டு நின்னேன். அவர் போனதும் முகத்தை ஞாபகப்படுத்திப் பாத்தேன், வரலை.

அன்னைக்குத்தான் பயம் வந்துச்சு.

டாக்டருங்க வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுச் சேதி சொல்லுவாங்க. நர்ஸுங்க கடைசி நேரம் பக்கத்துல இருப்பாங்க. நான் காலையில போவேன், கட்டில்ல வேற ஆள் இருப்பாங்க. நேத்து ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுத்த மூச்சை இன்னைக்கு இவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். நடுவுல என்ன ஆச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, நானும் கேட்க மாட்டேன். முதல்ல கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம் கட்டில் நம்பரை மட்டும் பாக்க ஆரம்பிச்சேன். "எழுந்திரிங்க, உங்களால முடியும்"னு இந்த வாய் எத்தனை பேர்கிட்டே சொல்லியிருக்கும். முடிஞ்சவங்க கொஞ்சம் பேருதான். மத்தவங்க என்னை நம்பி எழுந்து உட்கார்ந்தாங்க, அவ்வளவுதான்.

ஒண்ணாம் தேதி வீட்டுக்கு வரணும்னுதான் கிளம்பினேன். ஜன்னல்ல அப்பா முகம் தெரிஞ்சுது. உள்ளே வந்தா முதல் வேலையா அவர் முட்டியைப் பாப்பேன். பாத்த நொடியே தெரிஞ்சுடும், நீளுமா நீளாதான்னு. நீளாதுன்னு தெரிஞ்சும் எனக்கு ஒண்ணும் தோணாம போயிட்டா? அப்பா காலும் ஒரு கட்டில் நம்பரா ஆயிட்டா? அதைத் தாங்க முடியாதுன்னுதான் திரும்பிட்டேன். நீ கூப்பிட்டது காதுல விழுந்துச்சு.

தூக்கம் இல்லை. சாப்பாடு எறங்கலை. பெரிசா கஷ்டப்படுறேன்னு சொல்லவும் தகுதி இல்லை, எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே. படுக்கும்போது, காலையில முழிக்காம இருந்தாலும் பரவாயில்லைன்னு தோணுது. ஏதாவது பண்ணிக்குவேன்னு நினைக்காதே. சும்மா தோணுது.

அப்பாகிட்டே வேலைன்னு சொல்லு.

தம்பி


ஆகஸ்ட் 7

தம்பி,

இதை அண்ணன் உன் கையிலதான் கொடுப்பாரு. நீ படிச்சு முடிக்கிறவரைக்கும் பக்கத்துலயே நிப்பாரு. அப்பாவைத் தனியா விட்டுட்டு வர முடியலை, இல்லேன்னா நானே வந்து வாசல்ல நின்னிருப்பேன்.

"சும்மா தோணுது"ன்னு எழுதியிருக்கே. அது சும்மா இல்லைடா. எனக்குப் படிப்பு இல்லை, ஆனா துணி எங்கே இத்துப் போயிருக்குன்னு கை வச்சாலே தெரியும்.

வெடியோட நம்பரை அண்ணன் வாங்கிக் கொடுத்தாரு. பேசினேன். ரொம்ப நேரம் பேசினா, ஒரு தடவைகூட சிரிக்கலை. ஆனா தெளிவா பேசினா. ஒரு மனநல டாக்டர்கிட்டே போறாளாம், மாத்திரை சாப்பிடுறாளாம். "அவரும் என்னை மாதிரிதான் ஆகிட்டு இருந்தாரு, எனக்குத் தெரிஞ்சும் சொல்ல வாய் வரலைக்கா"ன்னு அழுதா. அந்த டாக்டரம்மாகிட்டே நாளைக்குக் காலையில உனக்கு நேரம் வாங்கிட்டா. உங்க பெரிய சார்கிட்டேயும் அவளே பேசுறாளாம்.

இப்போ எழுந்து, மாத்துத் துணியை எடுத்துக்கிட்டு அண்ணன் வண்டியில ஏறு. அப்பா காலைப் பாக்க வேண்டாம். அவர் கட்டில் பக்கமே போக வேண்டாம். உன் ரூம்ல பாய் விரிச்சு வச்சிருக்கேன். சாப்பிடு, படு, ஒரு வார்த்தை பேசாதே, ஒண்ணும் கேட்க மாட்டேன்.

உனக்கு என்மேல ஒண்ணும் தோணலைன்னாலும் பரவாயில்லை. எனக்கு உன்மேல தோணுது. இப்போதைக்கு ரெண்டு பேருக்கும் அது போதும்.

அக்கா


அக்டோபர் 14

தம்பி,

நீ திரும்ப ஹாஸ்டலுக்கும் வேலைக்கும் போய் ஒரு வாரம் ஆகுது. அரை நாள்தான்னு சொல்லியிருக்காங்க, அரை நாளோட ரூமுக்குப் போயிடு. "இன்னும் ஒருத்தரை மட்டும்"னு ஆரம்பிக்காதே. மாத்திரையை நிறுத்தாதே. டாக்டரம்மா சொன்னதுதான் கணக்கு, உனக்குத் தோணுறது கணக்கில்லை.

போன்ல பேசினா அப்பாவுக்குக் கேட்டுடும், அதான் எழுதுறேன். நீ வீட்டுல இருந்த கடைசி வாரம் ஒரு நாள் நான் தையல் கடையைத் திரும்பத் திறக்கப் போயிருந்தேனே, அன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடந்துச்சு? அன்னையிலேருந்து "எப்போ நடப்பேன்"னு அவர் கேட்கிறதே இல்லை. முந்தாநாள் அவரா, "ஒரு சக்கர நாற்காலி கிடைக்குமா பாரு, எனக்குத் தெருவைப் பாக்கணும்"னாரு. எவ்வளவு தடவை நான் சொல்லி, மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட மனுஷன்!

இன்னொண்ணு. உன் எதிர்ல கேட்கத் தைரியம் வரலை. அவர் நடக்க மாட்டாருன்னா அதுக்கு நான் வச்ச தலையணைதானே காரணம்? உள்ளது உள்ளபடி சொல்லு. ஆறுதலுக்குச் சொல்லாதே. நீ ஆறுதல் சொன்னா எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

அக்கா


அக்டோபர் 25

அக்கா,

உள்ளது உள்ளபடி சொல்றேன். தலையணையும் ஒரு காரணம். அது மட்டுமே இல்லை. விழுந்த பயத்துல அவர் எழுந்திருக்கலை. நான் வரலை. வேற பிசியோ யாரும் வீடுகளுக்கு வர முடியாத நேரம். நானே பக்கத்துல இருந்திருந்தாலும் முழுசா நீண்டிருக்குமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிக்க முடியாது அக்கா. உன் பங்கை நீ சுமக்கணும்னா என் பங்கு அதுக்குப் பக்கத்துலயே இருக்கு, அதையும் பாத்துக்கோ. இது ஆறுதல் இல்லை.

அன்னைக்கு நடந்தது இதுதான். நீ போனதும் அப்பா கூப்பிட்டாரு. போர்வையை இடது கையால அவரே விலக்கி, "பாருடா"ன்னாரு. அவ்வளவு நாளும் நான் அந்தப் பக்கம் பாக்கலைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உட்கார்ந்து குதிகாலைப் பிடிச்சேன். நீட்டினேன். ஒரு அளவுக்கு வந்து நின்னுடுச்சு, கதவுக்குப் பின்னால யாரோ முட்டுக்கொடுத்து நிக்கிற மாதிரி. "எப்போடா நடப்பேன்?"னாரு. இந்தக் கேள்விக்கு வார்டுல எனக்கு ஒரு பதில் இருக்கு. "அடுத்த மாசம் பாருங்க"ன்னு சொல்லுவேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்ல முடியலை. "நடக்க முடியாதுப்பா"ன்னேன்.

நான் பிடிச்சிருந்த காலையே பாத்தாரு. அப்புறம், "இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தியா?"ன்னு கேட்டாரு. "இல்லைப்பா"ன்னேன். "அப்புறம் எதுக்கு?"ன்னாரு. தெரியலைன்னேன். "சரி, காலை விடு, வலிக்குது"ன்னாரு. விட்டேன். அவ்வளவுதான். எனக்கு அழுகை வரும்னு எதிர்பார்த்தேன், வரலை. ஆனா வலிக்குதுன்னு அவர் சொன்னது கேட்டுச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னது எனக்குள்ள போய்ச் சேர்ந்துச்சு.

பழைய வார்டுக்கு என்னால இனிமே போக முடியாதுன்னு பெரிய சார்கிட்டே சொல்லிட்டேன். "ஆள் இல்லாத நேரத்துல இப்படிச் சொல்றியே"ன்னாரு. அப்புறம் அவரே கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சுட்டு, "நானும் சரியா தூங்கறதில்லைப்பா"ன்னாரு. கீழே வெளிநோயாளிகளைப் பாக்குற அறையில போட்டிருக்காங்க. இடுப்பு வலி, கழுத்து வலி, தோள் வலி. வெடியும் அடுத்த மாசம் இங்கேதான் வரப் பாக்குறா. முடியுமான்னு அவளுக்கே தெரியலை.

நேத்து ஒரு வாத்தியாரம்மா வந்தாங்க. தோள் இறுகிப் போச்சு, கரும்பலகையில மேல்வரி எழுத முடியலையாம். கையைப் பிடிச்சு மெதுவா தூக்கச் சொன்னேன். வழக்கமா சொல்ற வார்த்தைதான் வந்துச்சு. "மூச்சை இழுங்க, பிடிங்க." அவங்க இழுத்தாங்க. தடையில்லாம, நெஞ்சு நிறைய, சாதாரணமா ஒரு மூச்சு. மாஸ்க் துணி உள்ளே போய் வெளியே வந்துச்சு.

என்ன ஆச்சுன்னே தெரியலை அக்கா. அவங்க கையைப் பிடிச்சபடியே அழ ஆரம்பிச்சேன். நிறுத்த முடியலை. முகத் தடுப்பு பூரா ஆவி படிஞ்சு அவங்க எனக்குத் தெரியலை. மன்னிச்சுடுங்க, வேற ஆளை அனுப்புறேன்னு சொல்லி எழுந்தேன். "உட்காருப்பா"ன்னாங்க. உட்கார்ந்தேன்.

"வீட்டுல யாரையாவது பறிகொடுத்துட்டியா?"ன்னு கேட்டாங்க.

இல்லைன்னு தலையாட்டினேன். "அப்போ யாருக்காகப்பா?"

யோசிச்சேன் அக்கா. ஒரு பேராவது சொல்லணும்னு யோசிச்சேன். ஒருத்தருக்குக் கையில பச்சை குத்தியிருந்துச்சு. ஒரு அம்மா கண்ணைத் திறக்கும்போதெல்லாம் மணி என்னன்னு கேட்பாங்க. ஒரு பையன் உட்கார வச்சதும் முடியைச் சரி பண்ணிக்குவான். பேரு ஒண்ணுகூட வரலை.

"நிறையப் பேருங்கம்மா"ன்னேன்.

வலிக்கிற கையை அவங்க என்கிட்டேயிருந்து எடுத்துக்கலை. வெளியே அடுத்து காத்திருந்தவங்க கதவைத் தட்டினாங்க. "கொஞ்சம் இருங்க, இன்னும் முடியலை"ன்னு வாத்தியாரம்மாவே குரல் கொடுத்தாங்க.

தம்பி